ஒரு மணி நேர நீச்சல்: ஆற்றிலும் வாய்க்காலிலும் பழகியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நீச்சல்குளத்தில் இறங்கி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் நீந்த முடிகிறது என்று அளந்து பார்ப்பதுதான் ஒரு மணி நேர நீச்சல். மற்ற போட்டிகளில் தூரம் ஒன்றுதான், நேரம் ஆளுக்கு ஆள் மாறும். இதில் நேரம் எல்லாருக்கும் ஒன்று, தூரம் மாறும். கடைசியாக வந்தவர் என்று யாரும் கிடையாது, எல்லாரும் ஒரே நொடியில் முடிக்கிறோம். அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் எனப்படும் வயது வந்தோர் நீச்சலில் இது பல ஆண்டுகளாக நடக்கிறது. அவரவர் ஊர்க் குளத்தில் நீந்தி, தூரத்தையும் இடையிடையே எடுத்த நேரங்களையும் எழுதி அனுப்புவார்கள். முன்பு தபாலில் அனுப்பியதால் ‘தபால் நீச்சல்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

பாளையங்கோட்டையில் விடியற்காலையில் குளத்துக்கு வரும் நாங்கள் ஐந்து பேர் அதைப் பார்த்துத்தான் தொடங்கினோம். எங்களில் யாரும் பள்ளி நாளில் பந்தயத்துக்கு நீந்தியவர் இல்லை. நான் சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாயில் சுரைக்குடுக்கை கட்டிப் பழகியவன். இன்னொருவர் அம்பாசமுத்திரத்து ஆற்றில் பழகியவர். ஒரு நர்ஸ் அம்மா 35 வயதுக்குப் பிறகுதான் தண்ணீரில் இறங்கினார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு வயது 62. எங்களைப் போன்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஆற்றிலேயே நீந்தினால் என்ன என்று கேட்பார்கள். தாமிரபரணியில் குளிக்கலாம், முங்கலாம், அக்கரை போய் வரலாம். ஆனால் தூரத்தை அளக்க முடியாது. இழுப்பு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓட்டம் கூட்டிப் போகும். மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலே இருந்து தெரியாது. களைத்த நேரத்தில் பிடித்து நிற்கச் சுவரும் கிடையாது. இந்த ஒரு விஷயத்துக்குக் குளம்தான் சரி.

முதலில் உடம்பு, அப்புறம் நாள்

நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். “நீச்சல் அடிக்கலாமா” என்று மொட்டையாகக் கேட்காதீர்கள், “ஒரு மணி நேரம் நிறுத்தாமல் நீந்தப் போகிறேன்” என்று சொல்லிக் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு கேள்வி. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், நீந்தும்போது சர்க்கரை இறங்கக்கூடும் என்பதால், கரையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ள வேண்டும். கரையில் இருப்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

நாளைப் பொறுத்தவரை எங்கள் பக்கத்துக்குத் தை, மாசி பொருந்தும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் இடியும் இருக்கும். இடி கேட்டால் குளத்தை விட்டு ஏறியாக வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் கோடை வகுப்புக்கு வரும் பிள்ளைகளால் குளம் நிறைந்திருக்கும். தை மாதக் காலையில் இறங்கும்போது தண்ணீர் சில்லென்று இருக்கும். ஐந்து நிமிடத்தில் அது சரியாகி, கடைசிவரை உடம்பைச் சூடேற விடாமல் வைத்திருக்கும்.

இன்னொரு சிக்கலை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நம் ஊர்களில் குளத்தை மணிக்கணக்கில்தான் பிரித்து விடுவார்கள், ஆறு முதல் ஏழு, ஏழு முதல் எட்டு என்று. உடம்பைச் சூடாக்கும் பத்து நிமிடத்தையும் சேர்த்தால் ஒரு மணிக்குள் இது அடங்காது. அடுத்தடுத்த இரண்டு நேரத்துக்கும் கட்டணம் கட்டிவிட்டு, கோச்சிடம் முதல் நாளே சொல்லி ஒரு ஓரத்து லேனைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரம் ஒரு மணிதான் என்றால், அரை மணி நேர நீச்சலாக வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் நல்ல அளவுகோல்தான், பயிற்சியாளர்கள் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள்.

குளத்தை அளப்பது

குளம் 25 மீட்டரா, 50 மீட்டரா, அல்லது இரண்டும் இல்லாமல் 20, 22 என்று இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். விடுதிக் குளங்கள் பலவும் 25 மீட்டர் வராது. ஒரு டேப் வைத்து உள்சுவரிலிருந்து உள்சுவர் வரை அளந்துவிட்டால் வேலை முடிந்தது. ‘லேப்’ என்ற சொல்லையும் அன்றே தீர்த்துக்கொள்ளுங்கள். சிலர் போனதை ஒன்று என்பார்கள், சிலர் போய் வந்ததை ஒன்று என்பார்கள். நாங்கள் போனால் ஒரு நீளம், வந்தால் இன்னொரு நீளம் என்று வைத்திருக்கிறோம். 25 மீட்டர் குளத்தில் நான்கு நீளம் நூறு மீட்டர்.

மூச்சு

நமக்குத் தண்ணீர் பயம் கிடையாது. அது பெரிய சொத்து. நர்ஸ் அம்மாவுக்கு அந்தப் பயம் போகவே ஒரு வருடம் ஆனது. ஆனால் ஆற்றில் பழகிய நமக்கு வேறொரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். தலையைத் தூக்கி, முன்னால் பார்த்துக்கொண்டே நீந்துவோம். ஆற்றில் அது தேவை, எதிரே என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். குளத்தில் அதுவே பாரம். தராசில் ஒரு தட்டு ஏறினால் மறு தட்டு இறங்குவதுபோல, தலை ஏறினால் இடுப்பும் காலும் இறங்கும். இறங்கிய காலை இழுத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வீச்சும் போக வேண்டும். அக்கரை போகிற ஐந்து நிமிடத்துக்கு அது தெரியாது, ஒரு மணி நேரத்தில் தோள் சொல்லும்.

முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, கண் குளத்தின் அடியைப் பார்க்கட்டும். மூச்சு வாங்கும்போது தலையைத் தூக்காமல், உடம்போடு சேர்த்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். வாய் ஓரம் வெளியே வந்தால் போதும்.

அடுத்ததுதான் முக்கியம். மூச்சை வாங்குவதைவிட விடுவதில்தான் நாம் தவறுகிறோம். முங்கு நீச்சலில் மூச்சை அடக்கியே பழகிவிட்டதால், முகம் தண்ணீருக்குள் போனதும் மார்பு தானாகப் பூட்டிக்கொள்ளும். அப்படி அடக்கி வைத்துவிட்டு, வாய் வெளியே வரும் அரை நொடிக்குள் விடவும் வாங்கவும் பார்த்தால் பாதிக் காற்றுதான் மாறும். உள்ளே கரியமில வாயு ஏறும். மூச்சு முட்டுவது போன்ற தவிப்பு பெரும்பாலும் அதனால் வருவதுதான். எனக்கு நான்காவது நீளத்திலேயே மூச்சு வாங்கும். பக்கத்து லேனில் நீந்திய நர்ஸ் அம்மாதான் கவனித்துச் சொன்னார்: “அண்ணாச்சி, நீங்க உள்ளே மூச்சே விட மாட்டேங்கீய. குமிழே வரலையே.” பார்த்தால் உண்மைதான்.

பழகும் வழி இது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, முகத்தை வைத்து, மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் மெதுவாகக் குமிழ் விடுங்கள். உலையில் அரிசி கொதிக்கத் தொடங்கும்போது எழும் சிறு குமிழைப் போல, விடாமல், ஒரே சீராக. தலையைத் திருப்பி வாங்குங்கள், மறுபடி குமிழ். ஒரு நாளைக்கு ஐம்பது முறை. இரண்டு வாரம் இதைச் செய்துவிட்டு நீந்துங்கள், வேறு ஆளாக உணர்வீர்கள்.

ஒரு எச்சரிக்கை. வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு, எவ்வளவு தூரம் முங்கிப் போகலாம் என்று போட்டி வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் மூச்சு முட்டும் உணர்வு வருமுன்பே தண்ணீருக்குள் நினைவு தப்பிவிடலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இதில் போயிருக்கிறார்கள்.

உங்கள் வேகத்தைக் கண்டுபிடிப்பது

ஒரு நாள் 400 மீட்டர் முழு முயற்சியில் நீந்தி நேரம் எடுங்கள். நன்றாக ஓய்வெடுத்துவிட்டு 200 மீட்டருக்கு எடுங்கள். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டால் வகுத்தால், நூறு மீட்டருக்கு நீங்கள் நெடுநேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம் கிடைக்கும். உதாரணமாக 400 மீட்டர் 10 நிமிடம், 200 மீட்டர் 4 நிமிடம் 40 நொடி என்றால் வித்தியாசம் 320 நொடி. நூறு மீட்டருக்கு 160 நொடி, அதாவது 2 நிமிடம் 40 நொடி. ஒரு மணி நேரத்துக்கு அதைவிட ஐந்து நொடி மெதுவாக, 2:45 என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஏறக்குறைய 2,180 மீட்டர் வரும்.

பொதுக் கணக்கு: நூறு மீட்டருக்கு 4 நிமிடம் என்றால் மணிக்கு 1,500 மீட்டர். 3 நிமிடம் என்றால் 2,000. இரண்டரை நிமிடம் என்றால் 2,400. 2 நிமிடம் என்றால் 3,000. ஒலிம்பிக் குளப் போட்டிகளிலேயே மிக நீளமானது 1,500 மீட்டர்தான். ஒரு மணியில் அந்தத் தூரத்தைத் தொட்டாலே அது சின்ன விஷயமில்லை. எங்கள் தபால்காரர் நெஞ்சு நீச்சலிலேயே 1,350 மீட்டர் போனார், 54 நீளம். கையை மாற்றி மாற்றி வீசும் ப்ரீஸ்டைல்தான் நீந்த வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

எட்டு வாரம்

வாரத்துக்கு மூன்று நாள் போதும். நடுவே ஒரு நாளாவது தோளுக்கு ஓய்வு வேண்டும்.

முதல் இரண்டு வாரம் 50 மீட்டராகப் பத்து முறை, இடையே 20 நொடி ஓய்வு. மூச்சில் மட்டும் கவனம். மூன்றாவது, நான்காவது வாரங்களில் 100 மீட்டராக எட்டு முறை, எல்லாம் உங்கள் இலக்கு வேகத்தில். முதல் நூறும் எட்டாவது நூறும் ஒரே நேரத்தில் வர வேண்டும். வேகமாக வந்தாலும் தப்புதான். ஐந்தாவது, ஆறாவது வாரங்களில் 400 மீட்டராக மூன்று முறை, வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் நிறுத்தாமல். ஏழாவது வாரத்தில் ஒரே ஒரு முறை 45 நிமிடம். எட்டாவது வாரத்தில் தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். அந்த வாரம் கை துறுதுறுவென்று இருக்கும், இன்னும் நீந்தலாமே என்று தோன்றும். அடக்கி வையுங்கள்.

நடுவே இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பழகுங்கள். ஒரு நீளத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணுவது ஒன்று. எனக்கு 24. களைத்தால் 28 ஆகும். அந்த நான்கு கூடும்போது கை தண்ணீரைப் பிடிக்காமல் நழுவுகிறது என்று அர்த்தம். இரண்டாவது திரும்புதல். கரணம் போடத் தேவையில்லை, சுவரைத் தொட்டுத் திரும்பினால் போதும். ஆனால் சுவரை நன்றாக உதைத்து, கைகளை முன்னே நீட்டி, இரண்டு மூன்று மீட்டர் சும்மா வழுக்கிப் போங்கள். தொண்ணூற்றுச் சொச்சம் திருப்பத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு நொடி மிச்சமானால் ஒன்றரை நிமிடம். என் வேகத்துக்கு அது கிட்டத்தட்ட 60 மீட்டர்.

எண்ணுகிறவர்

இதைப் பலரும் கடைசியில் யோசிக்கிறார்கள். நான் முதலில் யோசிக்கச் சொல்வேன். முப்பது நீளத்துக்கு மேல் நீந்துகிறவரால் எண்ண முடியாது. நாற்பத்திரண்டா நாற்பத்திநான்கா என்று குழம்பத் தொடங்கினால் மூச்சும் குலையும். கைக்கடிகாரம் எண்ணும்தான், ஆனால் சுவருக்குப் பக்கத்தில் ஒரு முறை தயங்கினால் ஒன்றைக் கூட்டிவிடும். கரையில் ஒரு ஆள் வேண்டும்.

எனக்கு எண்ணியது என் மைனி, அதாவது மதினி. அறுபது வயது, நீந்தத் தெரியாது, ஸ்டாப்வாட்ச்சைத் தொட்டதில்லை. ஆனால் சின்ன வயதிலிருந்து களத்தில் நெல் அளந்தவர். ஒரு டம்ளர் நிறையப் புளியங்கொட்டை கொண்டுவந்திருந்தார், பக்கத்தில் ஒரு வெறும் டம்ளர். நான்கு நீளம் முடிந்து என் கை சுவரைத் தொட்டதும் ஒரு கொட்டையை எடுத்து வெறும் டம்ளரில் போடுவார். எவர்சில்வரில் விழும் அந்தச் சத்தம் காதில் தண்ணீர் இருந்தாலும் கேட்கும். முதல் கொட்டைக்கு ‘ஒன்று’ என்று சொல்லவில்லை, நெல் அளக்கிற வழக்கப்படி ‘லாபம்’ என்றார். அப்புறம் ரெண்டு, மூணு. பக்கத்தில் அவர் பேத்தி நோட்டில் நேரத்தை எழுதினாள். ஒருவர் எண்ண, ஒருவர் எழுத என்று இரண்டு பேர் இருந்தால் தப்பே வராது.

நோட்டில் மூன்று பத்தி போதும்: நூறு மீட்டர் எண், மொத்த நேரம், அந்த நூறுக்கு எடுத்த நேரம். மூன்றாவதை வீட்டுக்கு வந்து கழித்து எழுதிக்கொள்ளலாம். முடிகிற நொடியில் நடுக்குளத்தில் இருந்தால், விசில் அடித்ததும் கரையில் இருப்பவர் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் ஐந்து மீட்டருக்குக் கீழே உள்ளதை விட்டுவிடுவோம்.

எண்ணுகிறவர் பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு, நீந்துகிறவரின் முகம். பேச்சுக்குப் பதில் இல்லை, திசை மாறுகிறது, உதடு நீலமாகிறது என்றால் நேரத்தைப் பார்க்காமல் நிறுத்தச் சொல்ல வேண்டும். உயிர்காப்பவர் இல்லாத குளத்தில் இதைச் செய்யவே வேண்டாம்.

அன்றைக்கு

முதல் நாள் இரவு சொதி வேண்டாம். நம் வீட்டுச் சொதியை விட்டுக்கொடுக்க எனக்கும் மனசு வராது, ஆனால் தேங்காய்ப்பாலும் நெய்யும் விடியும்வரை வயிற்றில் கிடக்கும். இட்லியோ சோறும் ரசமுமோ போதும். காலையில் இறங்க ஒன்றரை மணி நேரத்துக்கு முன் இரண்டு இட்லி, அல்லது நன்றாகப் பழுத்த ஒரு ஏத்தன் வாழைப்பழம். தண்ணீருக்குள்ளும் வியர்க்கும், அது நமக்குத் தெரியாது. அதனால் உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறு ஒரு பாட்டில் சுவர் ஓரம் இருக்கட்டும்.

அக்குளிலும் கழுத்திலும் வாசலின் தடவுங்கள், இல்லாவிட்டால் உரசி எரியும். தடவிய கையால் காகிள்ஸைத் தொட்டால் ஒரு மணி நேரமும் மூட்டமாகவே தெரியும், சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள். புது காகிள்ஸை அன்றைக்கு முதல் முறையாக மாட்டாதீர்கள். பெண்கள் முழங்கால்வரையோ கணுக்கால்வரையோ உள்ள நீச்சல் உடை போடலாம், துணி பாலியஸ்டராக, உடம்போடு ஒட்டியதாக இருந்தால் சரி. குளத்துக்குள் போகுமுன் குளித்துவிட்டு இறங்குங்கள். குளோரின் நெடி என்று நாம் சொல்வது பெரும்பாலும் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து வரும் நெடிதான்.

அறுபது நிமிடம்

என் முதல் முயற்சியின் நோட்டைப் பார்த்தாலே போதும். முதல் 500 மீட்டர் 11:40. அடுத்த 500 மீட்டர் 13:20. மூன்றாவது 14:50. நான்காவது 16:30. மொத்தம் 2,110 மீட்டர். ஒவ்வொரு 500 மீட்டரும் முந்தையதைவிட ஒன்றரை நிமிடமாவது கூடியிருக்கிறது. முதல் பத்து நிமிடம் உடம்பு லேசாக, கை தானாகப் போவதுபோல் இருந்தது. அதை நம்பிப் போனேன். 22-ஆவது நிமிடத்தில் தோள் கல்லாகிவிட்டது. மிச்ச நேரம் முழுக்க அந்தப் பத்து நிமிடத்துக்கு வட்டி கட்டினேன்.

எட்டு வாரம் கழித்து இரண்டாவது முயற்சி. 13:05, 13:00, 12:55, 12:50. மொத்தம் 2,325 மீட்டர், 93 நீளம். உடம்பு அதே உடம்புதான். மூச்சும் வேகப் பழக்கமும் மாறியிருந்தன.

முதல் பத்து நிமிடம் ‘இவ்வளவு மெதுவாகவா’ என்று தோன்ற வேண்டும். பக்கத்து லேன்காரர் முந்திப் போனால் போகட்டும். கால் வெறும் சமநிலைக்குத்தான், ஒரு கைக்கு ஒரு உதை போதும். தொடையின் பெரிய தசைகள் மூச்சைக் குடித்துவிடும்.

பத்திலிருந்து முப்பது வரை நல்ல நேரம். வீச்சை எண்ணிக்கொண்டே போங்கள். தாளம் பிடித்துவிடும்.

முப்பதிலிருந்து நாற்பத்தைந்து வரைதான் எல்லாரும் கஷ்டப்பட்ட இடம். பாதி முடிந்துவிட்டது என்ற சந்தோஷம் ஒரு நிமிடம்தான் இருக்கும், இன்னும் பாதி இருக்கிறதே என்பது அதற்குப் பிறகு வரும். நர்ஸ் அம்மா இந்த இடத்தில் நிறுத்திவிடலாம் என்று சுவரைப் பிடித்தார். கரையில் இருந்த அவர் தங்கை “அக்கா, இன்னும் நாலு நீளம் மட்டும் போ, அப்புறம் பாப்போம்” என்றாள். நாலு முடிந்ததும் மறுபடி அதையே சொன்னாள். அப்படியே நாலு நாலாக அவர் 72 நீளம், 1,800 மீட்டர் முடித்தார். மனசு மொத்தத்தையும் பார்க்கும்போதுதான் மலைக்கும். அடுத்த நூறு மீட்டரை மட்டும் பாருங்கள்.

எனக்கு அதே இடத்தில் காகிள்ஸுக்குள் தண்ணீர் ஏறியது. சுவரில் நின்று தடுமாறினேன். மைனி குனிந்து, “தம்பி, பதறாதீய. கணக்கு என்கிட்ட இருக்கு” என்றார். எட்டு நொடிதான் போனது. சுவரில் நிற்பது தப்பில்லை, கடிகாரம் ஓடும், அவ்வளவுதான்.

கெண்டைக்கால் பிடித்து இழுத்தால், சுவரைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி, கட்டைவிரலை முழங்காலை நோக்கி இழுத்து இருபது, முப்பது நொடி வைத்திருங்கள். விட்டதும் உதையைக் குறைத்துக்கொண்டு தொடருங்கள். நெஞ்சில் வலி, தலைசுற்றல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி என்றால் அந்த நொடியே ஏறிவிட வேண்டும், யாரையாவது கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைசிப் பத்து நிமிடத்தில்தான் கையில் மிச்சம் இருப்பதைச் செலவழிக்கலாம். ஐம்பதாவது நிமிடத்தில் கரையில் இருப்பவர் ஒரு சைகை காட்டட்டும். எங்களுக்கு அது சிவப்புத் துண்டு.

ஏறிய பிறகு

உடனே வெளியே ஏறாதீர்கள். ஒரு மணி நேரம் படுத்த நிலையில் இருந்த உடம்பு சட்டென்று நிமிர்ந்தால் தலை சுற்றும். நான்கு நீளம் மெதுவாக நீந்தி, சுவரைப் பிடித்து ஒரு நிமிடம் நின்று, பிறகு ஏணியில் ஏறுங்கள். நல்ல தண்ணீரில் தலைக்குக் குளியுங்கள். காதுக்குள் குச்சி விடாதீர்கள், தலையைச் சாய்த்துத் தட்டினால் தண்ணீர் வந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள். மைனி அன்று கருப்பட்டி போட்ட உளுந்தங்களி கொண்டுவந்திருந்தார், மேலே நல்லெண்ணெய் ஊற்றி. நாங்கள் ஐந்து பேரும் பேசாமல் தின்றோம்.

நோட்டை அன்றே முழுமையாக எழுதி முடியுங்கள். தண்ணீர் எப்படி இருந்தது, எங்கே வலித்தது, எத்தனை முறை சுவரில் நின்றீர்கள் என்பதையும் சேர்த்து. அடுத்த தை மாதம் அதுதான் உங்களுக்குக் கோச். தோள் வலி இரண்டு நாள் இருக்கும், அதற்கு மேல் போனால் காட்ட வேண்டும்.

மறு ஞாயிறு உங்களுக்கு எண்ணியவரோ அவர் வீட்டில் ஒருவரோ நீந்தலாம், இல்லை அடுத்த லேன்காரர் முறையாக இருக்கலாம். நோட்டை வாங்கிக்கொண்டு நீங்கள் கரையில் உட்காருங்கள். குடை ஒன்று கொண்டுபோங்கள், ஏழரைக்கெல்லாம் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். டம்ளரில் கொட்டையைப் போடும்போது சத்தம் கேட்கும்படி போடுங்கள்.